பொதுக் கிணறும் பொதுக் கருவியும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. உடற்பயிற்சிக் கூடத்திலே மனிதருக்கு மனிதர் ஏற்படுகின்ற மனக்கசப்பு பற்றியது. 'இதையெல்லாம் வானொலியிலே பேச வேண்டுமா?' என்று சிலர் கேட்கலாம். செருப்பிற் சிக்கிய மணல் ஒரு கல்லைவிடச் சிறியதுதான். ஆயினும் ஒரு கட்டை தூரம் நடந்தவனைக் கேட்டுப் பாருங்கள். அவன் மணலின் அருமையைச் சொல்லுவான்.

முன்னாளில் தேகாப்பியாச சாலை என்று நாம் சொன்னதையே இன்றைய இளைஞர் 'ஜிம்' என்று அழைக்கின்றனர். ஒரு காலத்தில் பெரிய நகரங்களிலும் கல்லூரிகளிலும் மட்டுமே இருந்த இந்தச் சாலை இன்று சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. சனசமூக நிலையத்தில் ஓர் அறை. விளையாட்டுக் கழகத்தின் பின்புறத்தில் ஒரு கொட்டகை. கடல் கடந்து வாழும் ஊரவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய நான்கு கருவிகள். இவ்வளவு இருந்தாற் போதும், கூடம் பிறந்துவிடும். ஆனால் கூடம் பிறந்த மறுவாரமே முறைப்பாடும் பிறந்துவிடுகின்றது. 'கருவி துருப்பிடித்துவிட்டது', 'ஒருவரே அரைமணி நேரம் வாங்கிற் குந்தியிருக்கிறார்', 'எடைத்தட்டுகளை எடுத்த இடத்தில் வைப்பதில்லை', 'வியர்வையைத் துடைக்காமற் போகிறார்கள்' என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குகின்றன.

இவற்றை ஆராய்வதற்கு நான் உங்களைப் புங்குடுதீவில் உள்ள மடத்துவெளிக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகின்றவர்கள் வேலணையைக் கடந்து, கடலை ஊடறுத்துச் செல்லும் பாதை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையிலே படகு ஏறுவார்கள். அந்தத் தீவின் ஓர் ஊர்தான் மடத்துவெளி. அந்த ஊரின் பெயரே இன்றைய பேச்சுக்கு வேண்டிய பொருளைத் தன்னுள் வைத்திருக்கின்றது. அதனாலேதான் அங்கே அழைத்தேன்.

மடம் என்பது என்ன? யாழ்ப்பாணத்து வழக்கில் அது வழிப்போக்கர் தங்கும் இடம். அதனருகே ஒரு கிணறு இருக்கும். மாடுகள் நீர் அருந்தத் தொட்டியும், உடம்பை உரைஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் இருக்கும். தலைச்சுமையோடு வருகின்றவன் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைக்க, தலையளவு உயரத்தில் ஒரு சுமைதாங்கி இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவித்தல் நம்மவரிடையே இருந்த வழக்கம். இவற்றையெல்லாம் கட்டியவர் ஒருவர். பயன்படுத்தியவர் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். காலையிற் புறப்படுகின்றவன் மாலையில் வரப்போகின்றவனின் முகத்தைக் காணப்போவதில்லை. எனினும் கிணற்று வாளியைக் கிணற்றுக் கட்டிலே வைத்துவிட்டே போனான். படுத்த இடத்தைக் கூட்டிவிட்டே போனான். கண்ணாற் காணாத ஒருவனுக்குக் காட்டுகின்ற இந்த மரியாதையே பொதுவிடத்து ஒழுக்கத்தின் வேர். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வேண்டிய ஒழுக்கமும் இதுவேயன்றி வேறில்லை.

உடற்பயிற்சிக் கூடம் மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. 1811ஆம் ஆண்டில் பிரெடெரிக் லூட்விக் யான் என்னும் ஆசிரியர் ஜெர்மனியின் பெர்லின் நகருக்கு வெளியே திறந்த வெளியொன்றில் மரத்தாலான ஏணிகளையும் குறுக்குத் தண்டுகளையும் நட்டு இளைஞரைப் பயிற்றினார். மேல்நாட்டில் இன்றைய கூடங்களுக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் அது முதன்மையானது. ஆயின் நம் நாடுகளில் தண்டாலும் பஸ்கியும் அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தன. நம்முடைய கர்லாக்கட்டையை இந்தியாவிலே கண்ட ஆங்கிலேயப் படையினர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று படைப்பயிற்சியிற் சேர்த்துக்கொண்டனர். 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையிலே வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆகவே கொடுத்ததும் வாங்கியதும் இருபுறத்திலும் உண்டு.

இன்று கூடந்தோறும் காணப்படுகின்ற ட்ரெட்மில் என்னும் ஓடுபட்டையின் வரலாறு இன்னும் வேடிக்கையானது. 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் சிறைக் கைதிகளுக்குத் தண்டனை வேலையாகப் படிகள் கொண்ட ஒரு பெருஞ்சக்கரத்தை அமைத்தார். கைதிகள் நாள்தோறும் மணிக்கணக்கில் அதன் மேல் ஏறிக்கொண்டேயிருக்க வேண்டும். எங்கும் போய்ச் சேரமாட்டார்கள். 1960களின் இறுதியில் கெனத் கூப்பர் என்னும் மருத்துவர் இதயத்தின் நலத்துக்கு ஓட்டம் நல்லது என்று எழுதினார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்னும் பொறியியலாளர் வீட்டிற் பாவிக்கக்கூடிய ஓடுபட்டையை அமைத்தார். அன்று தண்டனையாகப் பெற்றதை இன்று பணம் கொடுத்துப் பெறுகின்றோம். அது மட்டுமா? அதற்காக வரிசையில் நின்று சண்டையும் பிடிக்கின்றோம்.

முதலிலே கருவிகளால் வருகின்ற தொல்லைகளைப் பார்ப்போம். தீவுப் பகுதியிலே முதற்பகை துருவே. இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் துரு உண்டாகின்றது. உப்பு அங்கே சேருமானால் அந்த வேலை பலமடங்கு விரைவு பெறுகின்றது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. ஆகவே அது செதிலாக எழும்பி உதிரும். உதிர்ந்த இடத்திலே புதிய இரும்பு வெளிப்பட்டு அதுவும் துருப்பிடிக்கும். கடற்காற்று நாலாபுறமும் வீசுகின்ற தீவிலே பளபளக்கும் முலாம் பூசிய கருவிகூட முலாமில் ஒரு சிறு கீறல் விழுந்தால் உள்ளே அரிக்கப்படுகின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடலில் மட்டுமா உப்பு இருக்கின்றது? நம்முடைய வியர்வையிலும் அதே உப்புத்தான் இருக்கின்றது. கைப்பிடியிலே வியர்வையை விட்டுச் செல்கின்றவன் ஒரு சிறு கடலையே அங்கே விட்டுச் செல்கின்றான். சாளரத்தால் வருகின்ற உப்பைத் தடுப்பது கடினம். உள்ளங்கையால் வருகின்ற உப்பைத் துடைப்பது எளிது. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் மறுமுறை துடைத்து, வாரம் ஒருமுறை இரும்புத் தண்டுகளிலே சிறிது எண்ணெய் தடவிவிட்டால் கருவியின் ஆயுள் நீளும். கை பிடிக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் கூடாது; அது வழுக்கும். வியர்வையைத் துடைப்பதிலே இன்னொரு நன்மையும் உண்டு. படர்தாமரை போன்ற தோல் நோய்கள் ஈரமான பொதுப்பரப்புகளின் வழியாகவும் பரவுகின்றன. ஆகவே துவாய் ஒன்று கொண்டுவந்து வாங்கின் மேல் விரித்துக்கொள்ளுதல் தனக்கும் காவல், பிறருக்கும் காவல்.

இரண்டாவது தொல்லை, எடைக் குழப்பம். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த எடைத்தட்டுகளில் இறாத்தற் கணக்கு இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றில் கிலோகிராம் கணக்கு இருக்கும். ஓர் இறாத்தல் என்பது ஏறத்தாழ 454 கிராம். ஆகவே 45 என்று எழுதிய தட்டு இறாத்தல் ஆயின் அது 20 கிலோகிராமுக்குச் சற்று மேல். கிலோகிராமே ஆயின் அது இரண்டு மடங்குக்கும் அதிகம். உருவத்தைப் பார்த்தே இது இன்னது என்று தெரிந்துகொள்கின்ற பழகியவருக்குக் குற்றமில்லை. புதிதாக வந்தவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வீடு போவான். வெள்ளை வர்ணத்தால் ஒவ்வொரு தட்டிலும் கிலோகிராம் கணக்கைப் பெரிதாக எழுதிவைக்க ஒரு பிற்பகலும் ஒரு தூரிகையும் போதும்.

அதே குழப்பம் கப்பிகளாலும் வருகின்றது. 'அந்தக் கருவியில் நாற்பது இழுத்தேன், இந்தக் கருவியில் இருபதும் இழுக்க முடியவில்லை. ஏதோ பழுது' என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் பழுதன்று. கூரையிலே நிலையாகத் தொங்குகின்ற கப்பி இழுக்கும் திசையை மட்டும் மாற்றும், பாரத்தைக் குறைக்காது. பாரத்தோடு சேர்ந்து மேலெழுகின்ற அசையுங் கப்பியோ பாரத்தைப் பாதியாக்கும். அதற்கு ஈடாகக் கயிற்றை இருமடங்கு தூரம் இழுக்க வேண்டும். ஆகவே கருவியில் எழுதிய எண் அந்தக் கருவிக்குள் மட்டும் பொருந்தும் எண். அதைக் கொண்டு பக்கத்துக் கருவியை அளப்பது கொத்துக் கணக்கிலே அளந்த நெல்லை முழக்கோலால் அளப்பது போலாகும். எண்ணைக் காட்டிப் பிறரை எள்ளி நகையாடுகின்றவர்களும் இதை அறிந்துகொள்வது நல்லது.

மூன்றாவதை நான் தொல்லை என்று சொல்லமாட்டேன். அபாயம் என்றே சொல்லுவேன். கப்பிகளின் மேல் ஓடுகின்ற வடம் மெல்லிய உருக்கு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்யப்பட்டது. கப்பியில் வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து அந்த இழைகள் களைத்துப்போகின்றன. ஓர் இழை அறுந்து வெளியே நீட்டினாலோ, மேலுறை வெடித்து உள்ளே துரு தெரிந்தாலோ, அந்தக் கருவியை அன்றே நிறுத்த வேண்டும். 'இன்னும் ஒரு மாதம் தாங்கும்' என்று சொல்லக்கூடாது. அவ்வாறே எடைத்தட்டுகளின் அடுக்கிலே செருகுகின்ற ஆணி தொலைந்துவிட்டால் அதற்குப் பதிலாகக் கதவு ஆணியையோ துண்டுக் கம்பியையோ செருகக்கூடாது. அது நழுவினால் விழப்போவது இரும்பு. கீழே இருக்கப்போவது ஒருவருடைய கால் அல்லது விரல்.

இனி மனிதர்களால் வருகின்ற தொல்லைகளுக்கு வருவோம். இவற்றுட் பல அறியாமையால் வருவன. மனக்கேட்டால் வருவன சிலவே.

எடைத்தட்டுகளை மீள வைக்காமற் போவதை முதலிலே சொல்ல வேண்டும். நான் முன்னர் சுமைதாங்கியைக் குறிப்பிட்டேன். கூடத்திலே பார்பெல் என்னும் நீண்ட தண்டைத் தாங்குகின்ற தாங்கியும் ஒரு சுமைதாங்கியே. அது வெறுமையாக இருந்தாற்றான் அடுத்தவருக்குப் பயன்படும். ஒருவர் நூறு கிலோகிராம் ஏற்றிவைத்துவிட்டுப் போய்விடுகின்றார். அடுத்து வருகின்றவர் அறுபது வயது அம்மா. வெறுந்தண்டே 20 கிலோகிராம். அதன் மேல் இத்தனை தட்டுகளை அவர் எப்படிக் கழற்றுவார்? கழற்றத் தெரியாமல் ஒரு பக்கத்துத் தட்டுகள் முழுவதையும் முதலிற் கழற்றினால் மறுபக்கத்துப் பாரத்தால் தண்டு துள்ளிச் சாயும். ஆகவே இரு பக்கமும் மாறிமாறி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும் என்பது ஒரு விதி. ஏற்றியவரே இறக்க வேண்டும் என்பது அதற்கும் மேலான விதி.

அடுத்து, இடத்தைப் பிடித்து வைத்திருத்தல். இங்கே இரு பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பாரமான எடையைத் தூக்குகின்றவர் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடங்கள் இளைப்பாறுதல் அவசியமே. களைத்த தசை மீண்டும் வலிமை பெற அந்த நேரம் வேண்டும். ஆகவே வாங்கில் ஒருவர் சும்மா இருக்கிறார் என்று கண்டவுடன் சோம்பேறி என்று தீர்மானித்துவிடக்கூடாது. ஆனால் இளைப்பாறுவதற்கு அந்த வாங்குதான் வேண்டும் என்பதில்லை. எழுந்து நின்றாலும் இளைப்பாறலாம். அந்த இடைவெளியிலே மற்றொருவர் தம்முடைய முறையைச் செய்துவிடலாம். இப்படி இருவர் மாறிமாறிச் செய்தால் ஒரு கருவி இரண்டு கருவிகளாகின்றது. ஒரு சதமும் செலவில்லை.

இந்த இடத்திலே என்னைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடத்திலே, ஒரேயொரு வாங்கில் நான் இருந்து கைத்தொலைபேசியில் வந்த செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதியவர் ஒருவர் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு சற்றுத் தூரத்தில் நின்றார். யாரையோ பார்க்க வந்தவர் என்று எண்ணினேன். கால்மணி நேரம் நின்றார், பிறகு போய்விட்டார். நீரிழிவுக்காக மருத்துவர் சொல்லி, முதல் நாளாகப் பயிற்சிக்கு வந்தவர் அவர் என்று கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் பின்னர் என்னிடம் சொன்னார். 'தம்பி, கொஞ்சம் எழும்புறீரோ' என்று என்னிடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் நான் வாங்கை ஒதுக்கிவைத்துக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. அதன் பின்னும் வரவில்லை.

நேயர்களே, கூடத்து ஒழுக்கம் என்று நான் இவ்வளவு நேரமும் பேசுவதன் காரணம் இதுதான். சண்டை பிடிக்கின்றவரால் கூடத்துக்கு நட்டம் இல்லை. அவர் நாளையும் வருவார். வாய் திறவாமல் திரும்பிப் போகின்றவரே நட்டம். அவர்கள் யார்? முதியவர், நோயாளி, முதன்முதலாக வருகின்ற பெண், உடல் பருத்திருப்பதால் ஏற்கெனவே வெட்கப்படுகின்ற பிள்ளை. உடற்பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே முதலிலே போய்விடுகின்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலிலே, வளர்ந்தவர் ஒவ்வொருவரும் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள்வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் கூறியுள்ளது. 65 வயதைக் கடந்தவர்கள் விழாமல் நடப்பதற்கு, சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சியை வாரம் மூன்று நாளேனும் செய்ய வேண்டும் என்றும் அது சொல்கின்றது. 1990களின் தொடக்கத்திலே போரால் இடம்பெயர்ந்து, இளையவர் பலர் கடல் கடந்துவிட்ட தீவுப் பகுதியில், தனித்து வாழ்கின்ற முதியவருக்குக் காலின் வலு என்பது அலங்காரப் பொருளன்று. கிணற்றடிக்குத் தானே நடந்து போவதற்கும் பிறரை எதிர்பார்த்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

பெண்கள் கூடத்துக்கு வரத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பயிற்சி செய்கின்றவரை உற்றுப் பார்த்தல். கேளாமலே அருகில் வந்து 'இப்படியல்ல, அப்படி' என்று திருத்துதல். சுவர்க் கண்ணாடியின் முன் நின்று தம்மைப் படம் பிடிக்கையில் பின்னால் நிற்கின்றவரையும் சேர்த்துப் பிடித்துவிடுதல். மற்றவர் உடல் அசைவைக் காணும் உரிமை நமக்குக் கூடக் கட்டணத்தோடு வந்ததன்று. விபத்து நேரும் என்று கண்டால் ஒழிய, கேளாத அறிவுரையைக் கொடாதிருத்தல் நல்லது. ஊர்க் கூடங்களிலே பெண்களுக்கென்று சில மணி நேரத்தை ஒதுக்கிவைப்பதும் நல்லது. ஆனால் ஒதுக்குகின்ற நேரம் யாரும் வராத வெயில் நேரமாக இருக்கக்கூடாது.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். பாரத்தைத் தூக்குகையில் மூச்சு ஒலியோடு வெளிப்படுதல் இயல்பு. ஆனால் இறக்குகையில் இரும்பை 'தொம்' என்று போடுதல் வலிமைக்கு அடையாளம் அன்று. இறக்கும்போது மெல்ல இறக்குவதும் தசைக்குப் பயிற்சியே. அதைக் கைவிடுகின்றவன் பயிற்சியின் பாதியைத் தரையிலே போடுகின்றான். தட்டும் வெடிக்கும், தரையும் வெடிக்கும்.

இன்னொன்று உதவி. மல்லாந்து படுத்து மார்பின் மேல் தண்டைத் தூக்குகின்றவர் கைசோர்ந்தால், அந்தத் தண்டு அவர் கழுத்தின் மேலேயே இறங்கும். இவ்வகையில் உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. ஆகவே தனியாக அப்பயிற்சியைச் செய்யாதிருத்தலும், பக்கத்தில் நிற்பவரை உதவிக்கு அழைத்தலும், அழைத்தால் மறுக்காது செல்லுதலும் மூன்றும் கடமை. முன்பின் அறியாத ஒருவரின் கையிலே தன் உயிரை ஒப்படைக்கும் இடம் அது. அவரோடு ஐந்து நிமிடம் முன்பு ஒரு தட்டுக்காக முகம் முறித்துக்கொண்டவன் எந்த வாயால் அழைப்பான்?

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலா மிதித்து நீர் இறைத்த காலத்தை முதியோர் நினைவிற் கொண்டிருப்பர். துலாவின் மேல் ஏறி ஒருவர் முன்னும் பின்னுமாக நடப்பார். கிணற்றடியில் நின்று மற்றொருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். வாய்க்காலில் நின்று இன்னொருவர் நீரைப் பாத்திக்குத் திருப்பிவிடுவார். உலகின் எந்த உடற்பயிற்சிக் கருவிக்கும் அது குறைந்ததன்று. அதிலே ஒருவர் தன் எண்ணப்படி அடி எடுத்து வைத்தால் மேலே நிற்கின்றவர் விழுவார். அல்லது கீழே நிற்கின்றவரின் கை அடிபடும். ஆகவே அங்கே ஒழுக்கத்தைப் பலகையில் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை. 1950கள் முதல் எண்ணெய் இயந்திரங்கள் பரவத் தொடங்கின, துலா மறைந்தது. அதனோடு சேர்ந்து இருவர் ஒரு தாளத்தில் வேலை செய்யும் பழக்கமும் குறைந்தது.

ஆயினும் பழைய கிணற்றடியை நான் முழுவதும் பொற்காலமாகக் காட்டமாட்டேன். அதே கிணற்றடியிலே சிலருக்கு வாளியைத் தொடவும் உரிமை இல்லாதிருந்தது. தாகத்தோடு வந்தவர்கள் மற்றொருவர் அள்ளி ஊற்றும்வரை தூரத்தில் நின்றார்கள். பிறப்பைக் காரணம் காட்டிப் பொதுவிடங்களிலே மனிதரை விலக்குதலைக் குற்றமாக்க, 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இலங்கையிலே வேண்டியிருந்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆகவே தூரத்திலே கைகட்டிக் காத்து நிற்கின்ற ஒருவரைக் காணும்போது நாம் சற்றுக் கூடுதலாகக் கூச வேண்டும். நம் மண்ணிலே அந்தக் காட்சிக்கு ஒரு பழைய பொருள் உண்டு. வாங்கிலே இருந்தவன் வேண்டுமென்று செய்யாதிருக்கலாம். நின்றவருக்கு அது எப்படித் தோன்றியது என்பதை அவன் அறியமாட்டான்.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? நீண்ட சட்டதிட்டம் வேண்டாம். எழுதிய பலகை பெரிதாகப் பெரிதாக அதைப் படிப்பவர் குறைவர். ஏற்றியதை இறக்குக, நனைத்ததைத் துடைக்க, இளைப்பாறுகையில் இடங்கொடுக்க, கேளாமற் படம் பிடியாதிருக்க. இந்த நான்கும் போதும். அதன் அருகிலே ஒரு துணி, ஒரு போத்தல் நீர், ஓர் இடாப்பு. பழுதைக் கண்டவர் அன்றே இடாப்பில் எழுதவும், பொறுப்பாளர் வாரந்தோறும் அதைப் பார்க்கவும் ஒழுங்கு வேண்டும்.

சொல்லவேண்டிய இடத்திலே சொல்லவும் பழக வேண்டும். சொல்லாமல் மனதுக்குள் வைத்து, ஆறு மாதம் கழித்து ஒருநாள் வெடிப்பதே நம்மவரிடையே பெருவழக்கு. கேட்கின்ற முறையிலேதான் எல்லாம் இருக்கின்றது. 'எழும்பும்!' என்றால் சண்டை. 'தம்பி, இன்னும் எத்தனை முறை இருக்கு? இடையிலே நானும் ஒருக்காச் செய்யட்டோ?' என்றால் நட்பு. இளையவன் மூத்தவரிடம், 'அண்ணை, முடிஞ்சுதோ? தட்டுகளை நான் கழற்றித் தரட்டோ?' என்று கேட்டால், அடுத்த நாள் அந்த அண்ணை தாமே கழற்றிவைப்பார். காத்து நிற்கின்றவரைக் கண்டு, அவர் கேட்கும் முன்பே 'வாருங்கோ ஐயா' என்று எழுந்துவிடுதல் எல்லாவற்றிலும் மேல்.

இறுதியாக ஒன்று. புங்குடுதீவைப் போன்ற சுண்ணக்கல் தீவுகளிலே நன்னீர் எங்கே இருக்கின்றது தெரியுமா? நிலத்துக்கு அடியிலே உவர்நீரின் மேல், மெல்லிய வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. கணக்கின்படி கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உவர்நீரை அழுத்திக்கொண்டிருக்கும். ஒருவன் ஒரே கிணற்றிலே அளவுக்கு மீறி இறைத்தால் மேலே ஓரடி குறைகின்றது. கீழேயிருந்து உவர் 40 அடி எழும்பி வருகின்றது. அவன் கிணறு மட்டுமா சவர்க்கும்? பக்கத்திலுள்ள கிணறும் சவர்க்கும். தீவார் இதை ஏட்டிலே படித்து அறிந்தாரல்லர், நாவினால் அறிந்தார்கள்.

பொதுவான பொருள் எல்லாம் அந்த நன்னீர் போன்றவையே. மேலே பார்த்தால் ஒருவன் சிறிது அதிகம் எடுத்துக்கொண்டதாகத்தான் தோன்றும். கீழே பல மடங்கு வற்றிவிடும். கூடத்திலே ஒருவர் எடுத்துக்கொண்ட கால்மணி நேரத்தால் மற்றொருவர் தம் வாழ்நாட் பயிற்சியையே கைவிட்டுப் போகின்றார். மடத்துக் கிணற்றிலே வாளியை மீள வைத்துச் சென்ற அந்தப் பெயர் தெரியாத வழிப்போக்கனை நாமும் பின்பற்றுவோம். நாளை மாலை கூடத்துக்குச் செல்கின்றவர்கள், புறப்படும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, வாங்கைத் துடைத்து, தண்டை வெறுமையாக்கி வைத்துவிட்டு வாருங்கள். யாராவது ஒரு முதியவர் வாசலிலே தயங்கி நின்றால், அவரை உள்ளே அழையுங்கள்.